அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஆறு வரிகள்

அந்தத் தாள் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நான்காக மடித்த வெள்ளைத் தாள். மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் சிறு துளை விழுந்திருக்கிறது. அதில் என் கையெழுத்தில், தமிழ் எழுத்துகளில், இருபது இத்தாலிய வினைச்சொற்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஆறு வரிகள்: நான், நீ, அவள், நாம், நீங்கள், அவர்கள். அசை பிரியும் இடங்களில் பென்சில் கோடுகள். ஆறாம் வரிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் தவறு. எழுதியவள் நான். தவறு என்று தெரிந்த பிறகும் மூன்று வாரம் வாய் திறக்காமல் இருந்தவளும் நான்.

அக்கா என்று நான் அழைப்பவர் எனக்கு உறவில்லை. அக்கரையில், பாகான் டாலாமில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஞாயிறுதோறும் ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வந்து எங்கள் பங்கில் தமிழ்ப் பூசை காண்பார். இருபது வயதில் கன்னியர் மடத்தில் சேர விரும்பியிருக்கிறார். சேரவேண்டிய ஆண்டில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பதினெட்டு ஆண்டுகள் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, கடைசியில் அடக்கமும் செய்து முடித்தபோது அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. அந்த வயதில் எந்த மடமும் அவரை ஏற்கவில்லை. ஒரே ஒரு வழிதான் மிஞ்சியிருந்தது. இத்தாலியில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், முதிய கன்னியர்கள் வாழும் இல்லம் ஒன்று துணைக்குப் பெண்களை அழைத்துக்கொண்டிருந்தது. துறவற வாக்குக் கொடுக்கவேண்டியதில்லை. அவர்களோடு தங்கி, அவர்களோடு ஜெபித்து, அவர்களைப் பார்த்துக்கொள்ளவேண்டும். நிபந்தனைகள் இரண்டு. நாற்பது வயது நிறைந்திருக்கக்கூடாது. இணையவழி நேர்காணலில் பத்து நிமிடமாவது இத்தாலிய மொழியில் பேச வரவேண்டும். அக்காவின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது.

பங்கின் அண்டைக் குடும்பங்கள் வீட்டுக்குவீடு கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தபோது இது பேச்சாக வந்தது. ஜெபம் முடிந்து, அம்மா மீகோரேங் நூடுல்ஸ் தட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அன்பியத்தை நடத்தும் ஆன்ட்டி, எதையும் அந்த இடத்திலேயே முடித்துவிடும் பழக்கமுள்ளவர், தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"இதுக்குப் போயி ஏன் கவலப்படுற? நம்ம வீட்டுப் புள்ள யூனிவர்சிட்டில இத்தாலி படிக்குதுலா. அது சொல்லிக் குடுக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். "நெசமாவா மா? உனக்குப் பேச வருமா?"

நான் இலக்கிய மாணவி. இத்தாலிய மொழி எனக்கு விருப்பப் பாடம். தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தைச் சொல்லியிருக்கவேண்டும். ஒரு கூடத்தில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் என்னை நோக்கித் திரும்புவது எனக்குப் பழக்கமில்லாதது. "அடிப்படை தெரியும் அக்கா," என்றேன். அந்த வாக்கியம் பொய்யல்ல. ஆனால் நான் சொல்லவேண்டியிருந்த வாக்கியம் அதுவல்ல.

சனிக்கிழமை மாலைகளில் மறைக்கல்வி வகுப்பறையில் சந்தித்தோம். சிறுபிள்ளைகளின் நாற்காலிகள், அக்காவின் முழங்கால்கள் மேசைக்கு மேலே நின்றன. முதல் நாள் நான் பாடநூலைத் திறந்து இத்தாலிய எழுத்திலேயே தொடங்கினேன். ஜி, சி, ஹெச் என்று அவை மாறிமாறி ஒலிக்கும் விதத்தில் அக்கா கால் மணி நேரத்தில் களைத்துவிட்டார்.

"எனக்குத் தமிழ்ல எழுதிக் குடுத்துருமா. நான் தமிழ்ப்பள்ளி. வாய் புடிச்சுக்கும்."

அன்று இரவே தாளைத் தயாரித்தேன். இத்தாலியச் சொல்லில் ஏதேனும் ஓர் அசையின்மேல் குரல் ஊன்றவேண்டும். தமிழ் எழுத்தில் அதற்குக் குறி இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்: குரல் ஊன்றும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுவது. சொல்லின் ஈற்றில் வரும் ஓகாரத்தைக்கூட ஒகரமாகவே எழுதினேன். பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் நேர், நிரை என்று அலகிட்டுப் பழகிய கை. கோடு போடப்போட மகிழ்ச்சியாக இருந்தது. என் வாழ்நாளில் நானே உருவாக்கிய முதல் முறை அது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

முறை நன்றாகவே வேலை செய்தது. இரட்டித்து வரும் மெய்களை என் வகுப்புத் தோழிகள் விழுங்கிவிடுவார்கள். அக்காவுக்கு அவை பத்து, முத்து என்பதுபோல் இயல்பாக வந்தன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காத்திருக்கிறேன் என்பதற்கான சொல்லை நாம் அஸ்-பேத்-தொ என்று பிரிப்போம். அவர்கள் ஸகர ஒற்றைப் பின்னால் வரும் அசையோடு சேர்த்து, அ-ஸ்பேத்-தொ என்று பிரிப்பார்கள்.

"அ சொல்லி நிறுத்துங்க அக்கா. அப்புறம்தான் ஸ்பேத்."

"அ... இஸ்பேத்."

"இகரம் வேண்டாம்."

"அது எப்படிமா வராம இருக்கும்? ஆறு வருஷம் 'இஸ்கூலு'க்குப் போன வாய்லா இது."

இருவரும் சிரித்தோம். நான் அதிகம் சிரிப்பவள் அல்ல. அதனால் அந்தச் சனிக்கிழமை தெளிவாக நினைவிருக்கிறது.

ஆனால் தாளைப் பார்த்து வாசித்தது, தாளை மூடியதும் அக்காவிடம் நிற்கவில்லை. மூன்றாம் வாரம் அவரே ஒரு யோசனை சொன்னார். கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து மேசைமேல் வைத்தார். மரமணிகள், பெருவிரல் பட்டுப்பட்டு வழவழப்பாகியிருந்தன.

"எனக்கு மணி உருட்டினாத்தான் வாய்ல நிக்கும். நீ முன்பாதி சொல்லு, நான் பின்பாதி சொல்றேன். ஜெபமால மாதிரியே."

எங்கள் வீடுகளில் ஜெபமாலையை அப்படித்தான் சொல்வோம். ஒருவர் பாதி சொல்லி நிறுத்த, மற்றவர்கள் மீதியை இழுத்து முடிப்பார்கள். அதற்கென ஓர் இழுவை உண்டு. பின்பாதியின் கடைசிக்கு முந்திய அசையில் எல்லாக் குரல்களும் ஒருகணம் படுத்து எழும். ஆறு வரிகளும் அதில் கச்சிதமாகப் பொருந்தின. ஒருமை மூன்றும் என் பாதி. பன்மை மூன்றும் அக்காவின் பாதி. உண்பது என்ற வினையை எடுத்துக்கொண்டால், நான் "மாஞ்சொ, மாஞ்சி, மாஞ்ச" என்று நிறுத்துவேன். அக்கா கண்ணை மூடி "மஞ்சாமொ, மஞ்சாத்தெ, மஞ்சானொ" என்று முடிப்பார். ஒரு மணி நகரும்.

நாம் உண்கிறோம், நீங்கள் உண்கிறீர்கள், அவர்கள் உண்கிறார்கள். மூன்றும் ஒரே சந்தத்தில் இறங்கின. கடைசிக்கு முந்திய அசையில் குரல் ஊன்றும் என்று பாடநூலின் முதல் பக்கத்தில் இருந்தது. 'பெரும்பாலும்' என்ற சொல்லும் அதே வரியில் இருந்தது. அந்தச் சொல்லை நான் வாசித்தேன், எடைபோடவில்லை. வகுப்பில் அந்த வடிவங்களை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அத்தனை ஒழுங்காக இருந்த ஒன்றைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை.

அக்கா ஃபெரியில் உருட்டினார். இல்லத்தில் துணி மடிக்கும்போது உருட்டினார். இரண்டு மாதத்தில் இருபது வினைகளும் தடையின்றி வந்தன.

ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் கைப்பேசியை நீட்டினார். அதில் வயதான இத்தாலியப் பெண்மணி ஒருவர் மாவு பிசைந்துகொண்டே பேசினார்.

"தங்கச்சி, இந்தம்மா வீடியோவத்தான் டெய்லி பாக்குறேன். இவங்க 'மாஞ்சனொ'ன்னு முன்னாலயே அமுக்குறாங்களே. நாம 'மஞ்சானொ'ன்னுல்ல சொல்றோம்?"

ஒருமுறை ஓட்டிக் கேட்டேன். பெண்மணி அப்படித்தான் சொன்னார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகியிருக்காது.

"பேச்சுவேகத்தில் அப்படிக் குறுகும் அக்கா. நம்ம குற்றியலுகரம் மாதிரி. நீங்க தாளில் இருக்கிறபடியே சொல்லுங்க."

"ஓ, அப்படியா." குற்றியலுகரம் என்ற சொல்லுக்கு அக்கா கொடுத்த மரியாதை அவர் முகத்தில் தெரிந்தது. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெண்மணியைப் பற்றி அவர் பேசவேயில்லை.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தபோது எங்கள் விரிவுரையாளர் அந்த வடிவங்களுக்கு வந்தார். நீண்ட காலம் இத்தாலியில் வாழ்ந்து திரும்பிய பினாங்குச் சீனப் பெண்மணி. மேசையில் விரலால் தட்டித்தட்டிக் கற்பிப்பார். என்னை வாசிக்கச் சொன்னார். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற சொல். நான் அச்சமின்றி "அஸ்பெத்தானொ" என்றேன்.

அவர் தட்டுவதை நிறுத்தினார். எல்லாரும் செய்யும் தவறுதான் என்றார். பிறகு மெதுவாகத் தட்டிக் காட்டினார்: அவள் காத்திருக்கிறாள், அ-ஸ்பேத்-த, அவர்கள் காத்திருக்கிறார்கள், அ-ஸ்பேத்-த-னொ. ஊன்றல் நகர்வதில்லை. அவள் என்னும் வரியில் எங்கே இருந்ததோ அங்கேயே நிற்கும். பின்னால் ஓர் அசை கூடுதலாகத் தொங்கும், அவ்வளவுதான். நாம், நீங்கள் என்ற வரிகளைப் பார்த்து அதையும் பின்னுக்கு இழுத்துவிடுகிறோம். தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்பதில் அது இன்னும் முன்னால் போய் நிற்கும்: தெ-லே-ஃபொ-ன-னொ. யாரோ அதைச் சொல்ல முயன்று தடுமாறினார்கள். வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் ஜெபமாலையில் எத்தனை மணிகள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே சொல்லிவிடுவதென்று முடிவுசெய்தேன். பன்னிரண்டு வரிகளில், மன்னிப்போடு சேர்த்து, எழுதியும் வைத்திருந்தேன். வகுப்பறைக்குள் நுழைந்தபோது அன்பியத்து ஆன்ட்டி அங்கே உட்கார்ந்திருந்தார். எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தாராம். அக்கா எழுந்து நின்று, தாளில்லாமல், ஜெபமாலையில்லாமல், இருபது வினைகளையும் சொல்லி முடித்தார். ஆன்ட்டி கைதட்டினார்.

"அடி ஆத்தி! இத்தாலிக்காரியே தோத்துருவா. இந்தப் புள்ளைக்கு நீ என்ன செய்யப்போற, சொல்லு?"

"நான் என்ன செய்ய ஆன்ட்டி? அங்க போயி இவளுக்காக டெய்லி ஒரு ஜெபமால சொல்லுவேன்."

என் பன்னிரண்டு வரிகள் சட்டைப்பையில் இருந்தன. அவை அங்கேயே இருந்தன.

இரண்டாம் சனிக்கிழமை செய்ததைச் சொல்வது இன்னும் கடினம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் குழம்பிவிடுவார், ஒவ்வொன்றாகத் திருத்தலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தாளை வாங்கி, உறங்குவது என்ற வினையின் ஆறாம் வரியை மட்டும் அழித்து எழுதினேன்: தோர்-மொ-னொ. அக்கா உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இது மட்டும் ஏன்மா வேற மாதிரி போவுது?"

"அது விதிவிலக்கு அக்கா."

சரியாக இருந்த ஒரே ஒரு வரியை விதிவிலக்கு என்று சொன்னேன். அக்கா தலையாட்டி, அதன் பக்கத்தில் தன் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டார். அந்த நட்சத்திரம் இன்னும் தாளில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணல் என்ற நிலை வந்துவிட்டது. இப்போது சொன்னால் துணிவு போய்விடும், அசை மாறினாலும் பொருள் புரியும், அவர்கள் இரக்கமுள்ளவர்கள் என்றெல்லாம் காரணங்களைச் சேகரித்தேன். ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகச் சரியாகவே இருந்தது.

பங்கு மன்றத்தின் சிறிய அறையில் கணினி. இங்கே மாலை நான்கு மணி, அங்கே காலை. திரையில் மூன்று கன்னியர்கள். நடுவிலிருந்தவர் சிரித்த முகத்தோடு பேசினார். நான் அக்காவின் பக்கத்தில், திரைக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இணைப்பு அறுந்தால் சரிசெய்ய என்று சொல்லியிருந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போயிற்று. தன் பெயர், ஊர், அப்பாவைப் பார்த்துக்கொண்டது. எல்லாம் நான், அவர் என்ற வரிகள். நடுவிலிருந்தவர் மற்ற இருவரையும் பார்த்து மகிழ்ச்சியோடு தலையசைத்தார். பிறகு கேட்டார்: நீங்கள் வேலை செய்யும் இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் நாள்முழுதும் என்ன செய்கிறார்கள்?

அக்காவின் முகம் மலர்ந்தது. அவருக்கு மிகவும் தெரிந்த விஷயம் அது. அவர்கள் உண்கிறார்கள். ஜெபிக்கிறார்கள். மகன்களுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வினையும் ஆறாம் வரி. மஞ்சானொ, ப்ரெகானொ, தெலெஃபொனானொ, அஸ்பெத்தானொ. ஜெபமாலையின் அதே இழுவையில், பழுதில்லாமல் நான் கற்பித்தபடியே.

திரையில் ஓரமாக இருந்தவர் முகம் சுருக்கி, காதைச் சற்று முன்னால் கொண்டுவந்தார். நடுவிலிருந்தவர் அன்பாகத்தான் திருத்தினார். "மாஞ்சனொ," என்றார். அக்கா நின்றார். "ப்ரேகனொ," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அஸ்பேத்தனொ."

அக்கா திரையிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு கேள்வி, அவ்வளவுதான். எது சரி என்று நான் ஒரு தலையசைப்பில் சொல்லியிருக்கலாம். அவங்க சொல்றதுதான் சரி, பயப்படாதீங்க, அப்படியே சொல்லுங்க என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். நான் விசைப்பலகையைப் பார்த்தேன். அதில் இடைவெளி விசை ஓரத்தில் உடைந்திருந்தது.

அக்கா மறுபடி திரும்பினார். அதற்குப் பிறகு அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நன்றாகத் தெரிந்த வரிகளைக்கூடத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எங்கே அமுக்குவது என்று தேடினார். தன் வாயின்மேலேயே அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கடைசி மூன்று நிமிடமும் ஆமாம், இல்லை, நன்றி மட்டும்தான். நடுவிலிருந்தவர், உங்களுக்குக் கற்பித்தது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வி அக்காவுக்குப் புரிந்தது. கைப்பேசியை எடுத்துத் திரைக்குக் காட்டினார்.

"நானாகவே படித்தேன்," என்றார், இத்தாலிய மொழியில். அது சரியாக வந்தது.

அழைப்பு முடிந்ததும் அக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. "ஃபெரிக்கு நேரமாச்சுமா," என்று எழுந்து போனார். மேசையில் தாள் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. ஆன்ட்டி அதைப் பூசைக்குப் பிறகு கோவில் வாசலில் மொழிபெயர்த்துச் சொன்னார். அக்காவின் அனுபவம் அவர்களைக் கவர்ந்தது, உரையாடும் அளவுக்கு மொழி இன்னும் கைவரவில்லை, வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஜெபத்தில் நினைப்பார்கள். அடுத்த சேர்க்கை அடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு அக்காவுக்கு நாற்பது நிறைந்திருக்கும்.

"சரிலா ஆன்ட்டி. கடவுள் சித்தம் அப்படி," என்றார் அக்கா.

ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவர்களுக்கு இரண்டடி தூரத்தில் நின்றேன். என் செயலைக் கடவுளின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்குள் மண்டியிட்டு, வாக்கியத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன்: "கர்வத்தினால் ஒருவருக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டேன், சாமி." தாள், இத்தாலி, நாற்பது வயது எதுவும் அதில் இல்லை. சாமியார் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

பின்வரிசையில் உட்கார்ந்து மணியை விரலில் எடுத்தேன். முதல் மணியின் முன்பாதியைச் சொன்னேன். பின்பாதிக்கு வந்தபோது இழுவை தானாக இறங்கியது. இறங்கிய இடத்தில் என் வாயிலிருந்து வந்தது ஜெபம் அல்ல. மஞ்சாமொ, மஞ்சாத்தெ, மஞ்சானொ. திரும்பத் தொடங்கினேன். மறுபடியும் அதுவே. பத்து மணியையும் என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் மட்டும் சொன்ன எனக்கே இப்படி. அக்கா காலையும் மாலையும் உருட்டியவர்.

மறுநாள் படகுத்துறைக்குப் போனேன். வகுப்பு இருந்தது, போகவில்லை. ஃபெரி நகர்ந்தபோது பன்னிரண்டு வரிகளை மனத்தில் ஓட்டிப்பார்த்தேன். அக்கரை வந்தபோது ஒரு வரிகூட உருப்படியாக இல்லை.

அந்த இல்லத்துக்கு அதுவரை நான் போனதில்லை. மூன்று மணி, தேநீர் நேரம். கூடத்தில் பத்துப்பன்னிரண்டு முதியவர்கள் வாசலைப் பார்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லா முகங்களும் நிமிர்ந்து, நான் அவர்கள் எதிர்பார்த்தவள் இல்லை என்று தெரிந்து, தாழ்ந்தன. அக்கா ஓர் ஓரத்தில் ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வா மா. பசியாறிட்டியா? என்ன இந்தப் பக்கம்?"

நின்றுகொண்டே சொன்னேன். "நேர்காணலில் அந்த அம்மா சொன்னதுதான் சரி அக்கா. என் தாளில் இருந்தது தப்பு."

கரண்டி நிற்கவில்லை. "எது தப்பு?"

"அவர்கள் என்று வருவது."

"எல்லாமுமா?"

"உறங்குவது மட்டும் சரி."

"நான் நட்சத்திரம் போட்டது." ஒரு வாய் ஊட்டினார். துணியால் பாட்டியின் மோவாயைத் துடைத்தார். "அப்ப அந்த மாவு பெசையுற அம்மாவும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"ஆமா."

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"அன்றைக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். நேர்காணலுக்கு மூன்று வாரம் முன்னால் தெரியும்."

"மூணு வாரம்." அக்கா அதை மெதுவாகச் சொன்னார், ஓர் அளவைச் சரிபார்ப்பதுபோல. "மூணு வாரத்துல நான் மாத்தியிருப்பேன்மா. நாக்கு வெட்டினாலும் மாத்தியிருப்பேன். உனக்கு அது தெரியாதா?"

தெரியும். அதனால்தான் பேச முடியவில்லை. தவறு சின்னது, திருத்தக்கூடியது. திருத்துவதற்கு நான் அவர் முன்னால் ஒரு சின்ன ஆளாக ஒரு நிமிடம் நிற்கவேண்டியிருந்தது. அதற்குத்தான் நான் மறுத்தேன்.

"மன்னிச்சிருங்க அக்கா."

அக்கா கிண்ணத்தின் ஓரத்தில் கரண்டியைச் சுரண்டினார்.

"அவங்க யாரு கத்துக்குடுத்தான்னு கேட்டப்ப உன்னச் சொல்லல. பாவம், சின்னப்புள்ள, மனசு கஷ்டப்படும்னு." அவர் குரல் உயரவில்லை, ஆனால் அதுவரை என்னிடம் பேசாத குரல் அது. "இத்தாலி போச்சு. விடு. அதுக்கு நான் அழுதுட்டேன். இன்னொண்ணு இருக்கு. ராத்திரி ஜெபமால எடுத்தா இந்த மஞ்சானொதான் வருது. அப்பாவுக்குன்னு ஒரு பத்துமணி சொல்லுவேன், அதுலயும் அதான் வருது. மெட்டு ரெண்டும் ஒண்ணாப் போயிருச்சு. அத எப்படிப் பிரிக்கிறது? அத நீ சொல்லு."

இந்த முறை, "தெரியல அக்கா," என்றேன்.

நான் சொல்லத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். காலால் ஒரு நாற்காலியைத் தள்ளினார். "உக்காரு. இன்னைக்கு நான் முன்பாதி. நீ பின்பாதி. மெட்டு வேணாம். சும்மா, பேசுற மாதிரி சொல்லு."

உட்கார்ந்தேன். அக்கா ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தன் பாதியைச் சொன்னார். "அஸ்பேத்தொ, அஸ்பேத்தி, அஸ்பேத்த." ஸகரத்துக்கு முன்னால் இகரம் இல்லை. எப்போது அதை விட்டொழித்தார் என்று தெரியவில்லை.

"அஸ்பெத்தியாமொ," என்றேன். "அஸ்பெத்தாத்தெ." மூன்றாவதற்கு வந்தேன். சரியானது எனக்குத் தெரியும். விரிவுரையாளரின் விரல் தட்டுவதுகூடக் காதில் கேட்டது. ஆனால் வாய் பழைய பள்ளத்திலேயே போய் விழுந்தது. "அஸ்பெத்தானொ."

பாட்டி வாயைத் திறந்து அடுத்த கரண்டிக்காகக் காத்திருந்தார்.

"தப்பு," என்றார் அக்கா. "திரும்பச் சொல்லு."